அண்ணன் காலில் நான் வைத்த புண்

புண்ணுராசா! ஏ, புண்ணுராசா!

இப்படித்தான் அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள், அண்ணா. அம்மா வைத்த பெயர் ஒன்று உனக்கு இருந்தது. கொட்டகையில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. நான் இங்கே எழுதப்போவதும் இல்லை. நல்ல பெயர் அது. அதை எதற்கு இவர்கள் வாயில் போட வேண்டும்?

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவன் என் அண்ணன். எனக்கு மூன்று வயது மூத்தவன். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்துகிற ஒரு கம்பெனியில் ராசா வேஷம் கட்டினான். ஜெயிக்கிற ராசா அல்ல. ஜெயிக்கிற ராசா எப்போதும் முதலாளிதான். ஐம்பது வயதும், கச்சைக்கு மேலே வழிகிற தொப்பையும், மூன்று பல் குறைந்த வாயுமாக அவர் வந்து நின்று இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவார். அடிபட்டுச் சாகிற ராசா என் அண்ணன். வாரத்தில் நான்கு நாள் செத்தான். அந்தச் சாவுகளுக்கு வேண்டிய புண்களைச் செய்து கொடுத்தவள் நான்.

நான் இரண்டு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனேன். மீதி எழுத்தை நாடக நோட்டீசைப் பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அதனால் என் எழுத்தில் கொஞ்சம் நோட்டீசு வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் போங்கள்.

எங்களுக்கு எருத்தேன்பதிப் பக்கம். அப்பா பானை வனைந்தார். அவரும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார்கள். சூளையும் சக்கரமும் சித்தப்பாவுக்குப் போயின. அண்ணனுக்கு நல்ல குரல், கம்பெனியில் சேர்ந்தான். என்னைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே கூட்டிப்போனான். உறவுக்காரர்கள் அன்றோடு எங்கள் ஊட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னாலும் வந்தது கிடையாது என்பது வேறு.

நான் போனபோது கம்பெனியில் புண் என்றால் குங்குமம். நல்லெண்ணெயில் குழைத்து நெஞ்சில் ஒரு கோடு இழுப்பார் முதலாளி. அவ்வளவுதான், ராசாவுக்கு ஈட்டி பாய்ந்துவிட்டது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க மொதலாளி, இது புண்ணுங்களா, இல்லே நெத்திப் பொட்டு வேர்த்து எறங்கி வந்துருச்சுங்களா?"

"உன்ற தங்கச்சிக்கு வாய் நீளம்டா," என்றார் அண்ணனிடம். என் பக்கம் திரும்பி, "நீ பண்ணிக் காட்டு அம்மிணி, பாக்கலாம். பானை செய்யற கைதானே?"

செய்து காட்டினேன்.

மண் எடுப்பதை இந்தக் கொட்டகைக்காரர்கள் என்னவென்று நினைத்தார்கள் தெரியுமா? கையை நீட்டினால் மண், குழைத்தால் புண். முதலாளி ஒரு தடவை வாசலில் கிடந்த செம்மண்ணை ஒரு கூடை அள்ளி வந்து, "கலரும் அதுலயே இருக்குது பாரு" என்று பெருமையாக வைத்தார். செம்மண் பார்க்கத்தான் ரத்தம். கையில் எடுத்தால் மணலாக உதிரும், ஒரு நகக்கீறல் நிற்காது. அவருடைய மூளையும் அந்த ரகம்தான்.

எனக்கு வேண்டியது ஏரி மண். ஏரி வற்றுகிற காலத்தில் கரையிலிருந்து பத்தடி உள்ளே போய், மேல் ஓடு வெடித்திருக்கும் இடத்தில் ஒரு முழம் தோண்டினால் வருவது. அதைக் கயிறு போலத் திரித்து விரலில் சுற்றுவேன். விரிசல் விடாவிட்டால் எடுப்பேன். கொஞ்சம் பல்லில் வைத்துக் கடிப்பேன். நறநறவென்றால் துப்பிவிட்டு இன்னும் உள்ளே போவேன். எங்கள் பக்கத்துக் கரிசல் பானைக்கு ஆகாது, காய்ந்தால் பிளந்துவிடும். ஆனால் நாள்பட்ட புண்ணுக்கு அதை விட்டால் வேறு இல்லை. ஏரி மண்ணில் புண்ணைச் செய்து, விளிம்பில் மட்டும் கரிசலைப் பூசி வெயிலில் வைத்தால், அதுவே பொருக்கு வெடித்து ஆறாத புண்ணாகிவிடும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அண்ணன் காலில் எண்ணெய் தடவி ஈர மண்ணை அப்பி எடுப்பேன். உள்ளே கால் குழியாகப் பதிந்திருக்கும். அந்தக் குழியில் மண்ணை அடைத்து எடுத்தால் மண்ணாலே ஒரு கால். அதன் மேல்தான் புண்ணைச் செதுக்குவது. பனை ஈர்க்கு, சாக்கு ஊசி, கட்டைவிரல் நகம், இவைதான் ஆயுதம். செதுக்கி முடித்ததும் சாம்பல் தூவி, மேலே மறுபடி மண்ணை அப்பி அச்சு எடுத்து, நிழலில் காயவைத்து, உமியில் சுட்டுவிடுவேன். அந்த அச்சில் தேன்மெழுகும் குங்கிலியமும் துளி விளக்கெண்ணெயும் உருக்கி ஊற்றினால், மெல்லிசாக ஒரு புண் உரிந்து வரும். வேலம்பிசினால் ஒட்டி, காவியும் குங்குமமும் விளக்குக்கரியும் ஏற்றினால் பார்க்கிறவர்களுக்குச் சோறு இறங்காது.

புண்ணைச் செய்யப் புண்ணைப் பார்க்க வேண்டும். அரிவாள் வெட்டு வாய் மாதிரி, உதடு மெல்லிசு. மாடு குத்தினது வட்டமாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருக்கும், சதை உள்ளே மடங்கியிருக்கும். பனையிலிருந்து சறுக்கினவன் நெஞ்சு செதில் செதிலாக உரிந்திருக்கும். எங்கே யாருக்கு அடிபட்டது என்று கேட்டாலும் போய் நிற்பேன். "தொலஞ்சு போ புள்ளே, புண்ணு பாக்க வந்துட்டா!" என்று விரட்டுவார்கள். அதே ஆட்கள் சாயங்காலம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நான் செய்த புண்ணைப் பார்த்து வாய்விட்டு அழுவார்கள்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே விழுந்து செத்தாலும் புண் ஜனங்கள் பக்கம் இருக்கும்படிதான் விழுவான். முகம் எங்கேயாவது போகட்டும்.

"மூஞ்சி தெரிய மாட்டேங்குதே அண்ணா," என்றால், "அவங்க பாக்க வந்தது உன்ற புண்ணை அம்மிணி, என்ற மூஞ்சிய இல்லே. இந்த மூஞ்சிக்கு ஆரு அழுவாங்க?" என்பான்.

முன்வரிசை நாற்காலியில் எப்போதும் ஒரு பண்ணாடி இருப்பார். எங்கள் பக்கத்தில் நிலக்காரரை அப்படித்தான் சொல்வோம். எந்த ஊரிலும் ஒரு பண்ணாடி உண்டு, எல்லாரும் ஒன்று போலவேதான். நான் சொல்வது கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பண்ணாடி. நாடகத்தில் அண்ணன் சாகும்போது மேல்துண்டை முகத்தில் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுவார். மறுநாள் காலை அவர் பண்ணையில் உழுகிற ஆள் ஒருவர், ஏர்க்கொழு ஏறின காலோடு கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். ஈ மொய்த்தது. பண்ணாடி அந்த வழியாக வந்தார். அதே துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார். அண்ணன்தான் தன் வேட்டியைக் கிழித்து அந்தக் காலைக் கட்டினான்.

அந்தப் பண்ணாடி வேஷம் கட்டுகிற இடத்துக்கும் வருவார். தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "நெசமாட்டமே இருக்குது! சித்தெ அமுக்கிப் பாக்கட்டுமாப்பா?" என்று விரலை நீட்டுவார். அமுக்குவார். மெழுகு பள்ளமாகப் போகும். அவர் போன பிறகு நான் உட்கார்ந்து சரிசெய்வேன். முதலாளி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பார், இருக்கிற பல் தெரிய.

இதெல்லாம் அந்தச் சித்திரை வரைக்கும்.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அதே பண்ணாடி ஊரில், மாட்டுச் சந்தைத் திடலில் கொட்டகை போட்டோம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தகரப் பெட்டியில் வைத்திருந்த மெழுகுப் புண் அத்தனையும் உருகி ஒன்றாகிவிட்டது. நெஞ்சுப் புண், கால் புண், நெற்றிப் புண் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டி. புது மெழுகு வருவதற்கு நான்கு நாள் ஆகும். அன்று காலையில்தான் அண்ணன் கொட்டகைக்கு முளை அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு துருப்பிடித்த இரும்பு முளை எகிறிக் கெண்டைக்காலில் இறங்கியது. அகலம் இல்லை, ஒரு சுண்டுவிரல் நுழையும். ஆழம்.

முதலாளி குனிந்து பார்த்தார்.

"அட, சாமியாப் பாத்துக் குடுத்த புண்ணுடா! மெழுகும் வேண்டாம், அச்சும் வேண்டாம். சுத்தி மண்ணை வெச்சு அம்மிணி பெருசாக்கிக் குடுத்துருவா. ஏன் அம்மிணி?"

"மொதலாளி, உங்க தொப்பையில ஒரு முளை அடிச்சுப் பாக்கலாமுங்க. அதுல எடமும் நெறைய," என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். முதலாளியை நான் திட்டுகிறேன், பண்ணாடியைத் திட்டுகிறேன். ஆனால் அன்றைக்கு என்னை யாரும் கையைப் பிடித்து முறுக்கவில்லை. எனக்கே ஆசை வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

மூன்று வருஷமாக எனக்குப் பிடிபடாத ஒன்று ஈரம். மெழுகுப் புண்ணில் எண்ணெய் பூசினால் கேஸ் லைட்டில் பலகாரம் மாதிரி மினுங்கும். நிஜப் புண் மினுங்காது, கசியும். இதோ அடியில் நிஜமாகவே கசிகிறது. மண்ணை மேலே வைத்தால் மண்ணே ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவரும். அந்த நினைப்பு வந்ததும் என் அண்ணனின் கால் எனக்குக் காலாகத் தெரியவில்லை. நல்ல மண்ணாகத் தெரிந்தது.

பச்சை மண்ணை நடக்கிற காலில் வைத்தால் அரை மணியில் வெடிக்கும். வெடிக்காமல் இருக்க எங்கள் ஊட்டில் என்ன செய்வோம்? அடுப்புக்கும் குதிருக்கும் பூசும் மண்ணில் சாணியைப் பிசைவோம். சாணியில் இருக்கும் நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். திடல் முழுக்க மாட்டுச் சாணிதான் கிடந்தது. பொறுக்கிப் பார்த்து, அன்றைய சாணியாக எடுத்து, ஏரி மண்ணோடு பிசைந்தேன். மூன்றுக்கு ஒன்று. சாணி சுத்தம் என்றுதானே வாசலில் தெளிக்கிறோம்? சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அம்மாவும் சூளை மண்ணைத்தானே அப்பினாள்?

"நாத்தம் அடிக்குது அம்மிணி," என்றான்.

"செத்துப்போன ராசா நாறத்தான் செய்வான். காலை ஆட்டாதே."

இதுதான் நான் அவனிடம் சொன்னது. இதே சொல்.

அன்றைக்கு மாதிரி ஒரு புண்ணை நான் செய்ததில்லை. உதட்டை உயர்த்தி, நடுவில் அந்த நிஜக் குழியை அப்படியே விட்டு, சுற்றிக் கரிசல் பொருக்கு வைத்தேன். விளக்கு வைத்து ஆட்டம் தொடங்கும்போது அடியிலிருந்து ஈரம் ஏறி, மண் தானாகச் சிவந்துவிட்டது. ஜனங்கள் அடித்துக்கொண்டு அழுதார்கள். பண்ணாடி உள்ளே வந்தார்.

"இன்னிக்கு ஆளையே அசத்திப்போட்டீங்க. சித்தெ அமுக்கிப் பாக்கட்டுமா?"

அண்ணன் வேண்டாம் என்பதற்குள் விரல் உள்ளே போய்விட்டது. முதல் கணு வரை போனது. அண்ணன் துள்ளினான்.

"அடடடா! வலிக்கறாப்பலயே மொகத்தை வெக்கறானே! இவனல்லவா நடிகன்!"

சொல்லிவிட்டு, விரலை என் முந்தானையில் துடைத்தார்.

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை. மூன்று நாளும் அதே புண், அதே மண், தினமும் புதிதாகச் சாணி. நாலாம் நாள் மெழுகு வந்தது. கழுவிப் பார்த்தோம். குழி மூடிக்கொண்டிருந்தது. "பாத்தியா, மண்ணே மருந்து," என்றான்.

எட்டாம் நாள் காலை கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனான். வாய் திறக்கவில்லை. விரலை விட்டு நெம்பினான். ஒரு அரிசி நுழையும் அளவு திறந்தது.

"என்னடா, ராசாவுக்குக் கஞ்சி எறங்கலயா? நெய்ச்சோறு கேக்குதா?" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கிறாற்போல்தான் இருந்தது. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றது. நானும் விளையாட்டு என்றே நினைத்தேன். அவன் அப்படி நூறு விளையாட்டு விளையாடியிருக்கிறான். பகலில் கழுத்து வலிக்கிறது என்றான், அதுவும் பல்லுக்கிடையில்தான் வந்தது.

"மொதலாளி, இன்னிக்கு ஒருநா அவனை உட்ருங்க," என்று கேட்டேன்.

"பண்ணாடி ஒறம்பரையெல்லாம் கூட்டிக்கிட்டு வர்றாரு. இவன் சாகாம நாடகம் எப்புடி முடியும்? வசனம் வேண்டாம், சும்மா உழுந்தாப் போதும். ஒண்ணும் ஆவாது, சாரமில்லே, போ."

அவன் மேடைக்குப் போனான். ஈட்டி பாய்கிற இடம் வந்தது. எதிரே மேளத்தை ஓங்கி ஒரு அடி அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் என் அண்ணனின் முதுகு வில்லாக வளைந்தது. குதிகாலும் தலையும் மட்டும் பலகையில் பட, நடு உடம்பு அந்தரத்தில் நின்றது. பல் தெரிய முகம் இளித்தது.

கொட்டகை எழுந்து நின்று கத்தியது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

மேளக்காரர் மறுபடி அடித்தார். அவன் மறுபடி வளைந்தான். கை தட்டினார்கள். பண்ணாடி தான் கூட்டி வந்த சொந்தக்காரர்களுக்குக் கையை நீட்டிக் காட்டினார்.

நான் தட்டிக்குப் பின்னால் நின்றேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. புண் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஜனங்களுக்குத் தெரியாத பக்கம். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவன் அப்படி விழுந்ததில்லை.

ஓடினேன். மேடையில் ஒரு பொம்பளை குறுக்கே வந்ததற்குச் சீட்டி அடித்தார்கள். "ஆரு அது, எறங்கச் சொல்லு!" என்றார்கள். முதலாளி திரையை இழுத்துவிட்டு முன்னால் போய், "சிறிது நேரம் இடைவேளை" என்று கும்பிட்டார். கும்பிட்ட கையில் ஜரிகைக் கைக்குட்டை இருந்தது.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கல்லில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் வளைந்தான். வண்டிக்காரர் மாட்டின் கழுத்து மணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஊரில் அறிவுள்ள மனுஷன் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

ஆஸ்பத்திரி டாக்டர் மலையாளத்துக்காரர். காலைத் திருப்பிப் பார்த்தார். தழும்பை நகத்தால் கீறினார். உள்ளேயிருந்து கறுப்பாக வந்தது.

"இதுல என்ன இட்டு?"

"மண்ணுங்க."

"எந்த மண்ணு?"

"ஏரி மண்ணுங்க. நானே பாத்து எடுத்ததுங்க. கல்லு ஒண்ணும் இருக்காதுங்க."

"மண்ணு மட்டுமோ?"

நான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நின்றார், நெடுநேரம் கழுவினார். பிறகு, மண்ணிலும் சாணியிலும் இருக்கிற ஒன்று ஆழமான காயத்துக்குள் போனால் வருகிற இசிவு ஜன்னி இது, மேலே மூடிவிட்டால் உள்ளேயே வளரும், கொண்டுவந்தது தாமதம் என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

இருட்டறையில் கிடத்தினார்கள். சத்தம் ஆகாது என்றார்கள். மூன்றாம் நாள் மதியம், வெளியே யாரோ ஒரு தகரக் குடத்தைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் வளைந்தவன் திரும்பப் படுக்கவில்லை. அவனுக்குக் கடைசி வரை நினைவு இருந்தது. பேசத்தான் முடியவில்லை. கண்ணைச் சிமிட்டினான் ஒரு தடவை. சொல்லாதே என்றுதானா, எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன், அண்ணா.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து முதலாளி வந்தார். எங்கள் ஊட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"போனது போச்சு. அந்த அச்செல்லாம் குடுத்துரு அம்மிணி. புதுசா ஒரு ஆளு வந்துருக்கறான். கம்பெனிச் சாமானம்தானே அது?"

கொடுத்தேன். உடைக்கலாம் என்று கை வந்தது, உடைக்கவில்லை. அச்சு என்ன செய்தது? சுட்ட மண் யாரையும் கொல்லாது.

"ஒண்ணு மட்டும் கேளுங்க. தோலு கிழிஞ்ச எடத்துல பச்சை மண்ணை வெக்காதீங்க. சாணி கலக்கவே கலக்காதீங்க. அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க."

"அது எப்படியாச்சும் பாத்துக்கலாம்," என்றார். மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டே, "அந்த மூணு நாளு ஈரம் வந்துச்சே, அது எப்படிப் பண்ணுனே?" என்று கேட்டார்.

இப்படிப்பட்டவர் அவர். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்ததால், அடுத்த கொட்டகை இருக்கும் ஊருக்கு நானே நடந்து போனேன். அந்தப் புது ஆளைத் தேடிப் பிடித்து, சாணி, ஆழமான காயம், தாடை எல்லாம் சொன்னேன். "நீங்கதானுங்களா அந்தப் புண்ணுராசாவோட தங்கச்சி?" என்று கேட்டு வாயைப் பிளந்து நின்றான். காதில் ஏறியதா என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதியும் வைக்கிறேன்.

அந்தக் காலை மேடைக்கு அனுப்பியது யார், விரலை விட்டது யார், மேளத்தை இரண்டாம் தடவை அடித்தது யார் என்று படுத்தால் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். எல்லாரையும் காறித் துப்பிவிட்டுக் கடைசியில் என் கையிடம்தான் வந்து நிற்பேன். மண் எடுத்த கை. நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்த கை.

அந்தத் திடலில் கை தட்டினவர்கள் ஐந்நூறு பேராவது இருப்பீர்கள். உங்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் உங்களுக்காகத்தான் வாரத்தில் நான்கு நாள் முகத்தை மறைத்துக்கொண்டு விழுந்தான். ஒரு தடவை கூட உங்களைக் குறை சொன்னதில்லை. அதனால் கேட்கிறேன். உங்கள் ஊர் மாரியம்மனுக்கு விளக்கு ஏற்றும்போது, என் அண்ணனுக்காக ஒரு தடவை கும்பிடுங்கள். தட்டின கைதானே, அதையே சேர்த்துக் கும்பிடுங்கள். முதலாளியும் கும்பிடட்டும், பண்ணாடியும் கும்பிடட்டும். படிக்கிற நீங்களும் கும்பிடுங்கள். பெயர் என்னவென்று தேட வேண்டாம். புண்ணுராசா என்றால் அம்மனுக்குத் தெரியும். அங்கே அவனுக்கு வாய் திறக்க வேண்டும், ஒரு வாய்க் கஞ்சி இறங்க வேண்டும் என்று கேளுங்கள்.